"தேன் ஐ" என்பதா, "தேன் மீ" என்பதா? ஆங்கில ஒப்பீட்டில் பிரதிப்பெயரின் வேற்றுமை

தேடல்:
வணக்கம். ஆங்கிலத்தில் இருவரை ஒப்பிட்டு எழுதும்போது "தேன்" (than, "விட") என்ற சொல்லுக்குப் பின்வரும் பிரதிப்பெயர் ("ஐ", "மீ" போன்றது) எந்த வேற்றுமையில் நிற்கவேண்டும் என்பது குறித்துக் கேட்க விரும்புகிறேன். "ஹீ இஸ் டாலர் தேன் ஐ" (அவன் என்னைவிட உயரமானவன்) என்பதே சரி என்று பழைய இலக்கண நூல்கள் வலியுறுத்துகின்றன. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் பேச்சில் "தேன் மீ" என்பதுதான் மிகுதியாகக் காதில் விழுகிறது. இரண்டில் எதைப் பின்பற்றுவது? "ஆஸ் டால் ஆஸ்" என்று சமமாக ஒப்பிடும் தொடர்களுக்கும் இதே விதிதானா? எதற்கு வம்பு என்று எல்லா இடங்களிலும் எழுவாய் வடிவத்தையே எழுதிவிட்டால் பிழை நேராது அல்லவா?

பழைய ஆசிரியர்:
தங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நன்கு படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் அதுதான். "தி நாய்ஸ் டிஸ்டர்ப்ட் யூ மோர் தேன் ஐ" என்று ஒருவர் எழுதினால், அந்த இரைச்சல் என்னைவிட உங்களை அதிகம் தொந்தரவு செய்தது என்று பொருள்படாது. நான் உங்களுக்குக் கொடுத்த தொந்தரவைவிட இரைச்சல் கொடுத்தது அதிகம் என்றே பொருள்படும். சொல்ல வந்தது முதற்பொருளாயின் அங்கே "மீ" என்பதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

இதைத் தீர்மானிக்கும் வழி எளிது. "தேன்" அல்லது இரண்டாவது "ஆஸ்" வரும் இடத்தில் சொல்லாமல் விடப்பட்ட வினையை மனத்துக்குள் நிரப்பிப் பார்க்கவேண்டும். "ஹீ இஸ் டாலர் தேன் ஐ ஆம்" என்று வாக்கியம் முடிந்தால் பிரதிப்பெயர் எழுவாய். "தே பெய்ட் ஹிம் மோர் தேன் தே பெய்ட் மீ" என்று முடிந்தால் அது செயப்படுபொருள். சில வாக்கியங்கள் இரு வகையாகவும் நிரம்பும். "ஷி ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் ஐ" என்றால் நான் உங்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கையைவிட அவள் வைத்திருப்பது அதிகம். "தேன் மீ" என்றாலோ, அவள் என்மீது வைத்திருப்பதைவிட உங்கள்மீது அதிக நம்பிக்கை வைத்திருக்கிறாள். ஒரே ஒரு சொல்லின் வடிவம் மாறியதும் குறைவாக நம்புபவர் யார் என்பதே மாறிவிடுகிறது.

பிழைதிருத்துநர்:
மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "டாலர் தேன் மீ" பிழை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். விடுபட்ட வினையை நிரப்பிப் பார்க்கும் விதியைப் பரவலாக நிலைநாட்டியவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் லௌத். அவருடைய ஆங்கில இலக்கண நூல் 1762இல் வெளிவந்தது. "தேன்" ஓர் இணைப்புச்சொல், அதன்பின் ஒரு முழு வாக்கியம் மறைந்து நிற்கிறது என்பதே அவ்விதியின் அடிப்படை. அதே லௌத், "ஹூ" என்ற சொல் "தேன்" என்பதற்குப் பின்னால் வந்தால் மட்டும் "தேன் ஹூம்" என்றே ஆகவேண்டும் என்று எழுதி, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 1667ஆம் ஆண்டுக் காப்பியத்திலிருந்து சான்றும் காட்டினார். எழுவாய் வரவேண்டிய இடத்தில் செயப்படுபொருள் வடிவம் வருவதை விதியை வகுத்தவரே ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த அடிப்படை அவ்வளவு உறுதியானதன்று.

"ஆஃப்டர்" என்ற சொல்லைப் பாருங்கள். "ஆஃப்டர் ஐ லெஃப்ட்" என்பதில் அது இணைப்புச்சொல். "ஆஃப்டர் மீ" என்பதில் முன்னிடைச்சொல். "தேன்" என்பதற்கும் இவ்விரு தன்மைகளும் உண்டு என்று இன்றைய மொழியியலாளர் பலர் கொள்கின்றனர். அப்படிக் கொண்டால் "தேன் மீ" என்பதும் இலக்கணம் உடையதே.

தமிழராகிய நமக்கு இவ்வடிவம் இயல்பாகத் தோன்றுவதிலும் வியப்பில்லை. "காக்கையிற் கரிது களம்பழம்" என்று ஐந்தாம் வேற்றுமையாலும், "என்னைவிட உயரம்" என்று இரண்டாம் வேற்றுமையாலும் ஒப்பிடுகிறோம். "நான்" என்ற எழுவாய் வடிவம் அந்த இடத்தில் நிற்கவே நிற்காது.

தேடல்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் எதை எழுதுவது? "தேன் மைசெல்ஃப்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாமா?

பிழைதிருத்துநர்:
"மைசெல்ஃப்" வேண்டாம், முடிவெடுக்கத் தயங்கியவர் எழுதியது போல் இருக்கும். மேலும், "ஷி ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் மைசெல்ஃப்" என்று எழுதினால் பழைய ஐயம் அப்படியே தங்கிவிடும். துணைவினையைச் சேர்த்து "டாலர் தேன் ஐ ஆம்", "மோர் தேன் ஐ டூ" என்று எழுதுங்கள்; "தேன் ஐ" என்று மொட்டையாக நிற்பதன் விறைப்பும் போய்விடும், மரபு பார்ப்பவரும் குறை சொல்ல மாட்டார். செயப்படுபொருளாக வரும் இடத்தில் வினையையே திரும்ப எழுதி "தேன் ஷி ட்ரஸ்ட்ஸ் மீ" என்று முடிக்கலாம். சற்று நீளும், ஆனால் இருபொருளுக்கு இடமிராது.

பழைய ஆசிரியர்:
தேர்வைப் பொறுத்தவரை ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் வினாக்களில் பெரும்பாலும் மரபு விதியே எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே அங்கே வினையை நிரப்பிப் பார்த்து விடையளியுங்கள். "ஆஸ்" தொடர்களுக்கும் அதுவே பொருந்தும்: "ஷி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹீ". ஆயினும் "லைக்" என்ற சொல்லை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். "லைக் மீ" என்பதே வழக்கு, "லைக் ஐ" என்று அங்கே நிறுத்தமுடியாது. "ஆல்", "போத்" ஆகியவை பிரதிப்பெயரை ஒட்டி வரும்போது "ஸ்ட்ராங்கர் தேன் அஸ் ஆல்" என்று செயப்படுபொருள் வடிவமே செவிக்கு இசைகிறது. "தேன் வீ ஆல்" என்று எழுதுவதைவிட, "தேன் எனி ஆஃப் அஸ்" என்று மாற்றி அமைப்பதையே நான் விரும்புவேன்.