பிடித்த கிரிக்கெட் ஆட்டக்காரர் யார்? காரணத்தோட சொல்லுங்க

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சிமாரே, சும்மா ‘மாஸ்’னு சொல்லாம, ஆட்டத்துல எதைப் பாத்துப் பிடிச்சுதுன்னு எழுதுங்க. டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பாக்க வார பயலுவளுக்கு உதவும்.

பதில் (சங்கர்நகர்):
அஸ்வின்தான். 106 டெஸ்ட், 537 விக்கெட். எனக்கு அதைவிடப் பெருசு அந்தச் சொடக்குப் பந்து (கேரம் பால்). பெருவிரலுக்கும் மடக்கின நடுவிரலுக்கும் நடுவுல பந்தை இடுக்கி, கேரம் காயைச் சுண்டுத மாதிரி சுண்டணும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின் உள்ள வரும், இது வெளிய போவும். டென்னிஸ் பந்துல சீக்கிரம் வந்துரும். தோல் பந்து கனம். விரல்ல பலம் பத்தலன்னா ஷார்ட்டா, ஆட்டக்காரருக்கு ரொம்ப முன்னாலயே விழுந்து சிக்ஸர்தான். மொதல்ல ஆஃப் ஸ்பின் ஒழுங்கா திரும்பட்டும், பொறவு இதைத் தொடுங்க. 2021 சிட்னியில 128 பந்து நின்னு 39 அடிச்சு டெஸ்டைக் காப்பாத்துனதையும் மறக்கக் கூடாது.

பதில் (அம்பாசமுத்திரம்):
டிராவிட். டெஸ்ட்ல 31,258 பந்து சந்திச்சவரு, வேற யாரும் அவ்வளவு ஆடல. பந்தைக் கண்ணுக்குக் கீழ வரவிட்டு, தளர்ந்த கையால ஆடுவாரு. மட்டை ஓரத்துல (எட்ஜ்) பட்டாலும், கீப்பர் பக்கத்துல கேட்சுக்கு நிக்குத ஸ்லிப் ஆளுக்கு முன்னாலயே விழுந்துரும்.

கேள்வி கேட்டவர்:
தளர்ந்த கைன்னா எப்படி?

பதில் (அம்பாசமுத்திரம்):
தடுக்கும்போது மட்டைப் பிடியில கீழ இருக்குத கையில பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிக்கணும். பத்தடி தூரத்துல இருந்து ஒருத்தரை எறியச் சொல்லுங்க. தடுத்த பந்து காலடியிலயே செத்து விழணும். எறிஞ்சவர்ட்டயே திரும்பிப் போச்சுன்னா பிடி இறுக்கம்.