கலைச்சொல் வேண்டும்: வெட்டும் பொறிக்கான கோப்பு

அன்புள்ள குழுவினருக்கு,

கைவினை வகுப்புக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் வெக்டர் படத்தை (கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமித்த கணினிப் படம்), தாளும் வினைல் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் வெட்டும் பொறிக்கு ஏற்றபடி மாற்றுவது பாடம். எங்கே வெட்ட வேண்டும் என்று பொறிக்குச் சொல்லும் 'கட் ஃபைல்' என்பதற்குத்தான் சொல் தேவை. 'வெட்டுக்கோப்பு' என்று எழுதினால் கணினியின் வெட்டு, ஒட்டு நினைவுக்கு வருகிறது. கோப்பை இங்கே வெட்டி அங்கே ஒட்டச் சொல்கிறோம் என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்களோ? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மா.

---

மா. அவர்களுக்கு,

நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றைக் கவனியுங்கள். 'வெட்டுகோப்பு' என்றால் ஊறுகாய் போல வினைத்தொகை. வெட்டிய, வெட்டுகின்ற, வெட்டும் என முக்காலமும் விரியும். ஒற்று மிக்கால் 'வெட்டு' முதனிலைத் தொழிற்பெயர், வெட்டுக்கான கோப்பு. குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

ஆனால் மரத்தை வெட்டலாம், மெல்லிய தாளை வெட்டுவது என்ன அழகு? நம்மிடம் 'அறுவை' இருக்கிறதே! சங்க காலத்தில் அதற்கு ஆடை என்று பொருள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவரை யாருக்குத் தெரியாது? நெய்ததை அறுத்தால் அறுவை, துணித்தால் துணி, துண்டித்தால் துண்டு. 'அறுவைக்கோப்பு' என்பதே என் துணிபு. துணிபும் அதே வேர்தான்.

பே.

---

ஐயா, வேர் எல்லாம் சரி. 'அறுவைக்கோப்பு' என்று போட்டால் பெரியவர்கள் மருத்துவமனையைத் தேடுவார்கள். இளைஞர்கள் பாடத்தைப் பற்றிய விமரிசனம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதை விடுங்கள், 'வெக்டர்' அப்படியே நிற்கிறதே? திசையன் என்று எழுதக் கூடாதா?

செ.

---

திசையன் என்பது இயற்பியல். இலங்கைப் பாடநூல்களில் அதுவே 'காவி'. 'இலவசக் காவிப் படம்' என்று எழுதினால் வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் வாயில் வெக்டர்தான் இருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

மா.

---

நண்பர்களே, இந்த வேலையைத் தினமும் செய்கிறவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். எல்லோரும் கோப்புக்குப் பெயர் தேடுகிறீர்கள். எஸ்விஜி என்ற வெக்டர் படக் கோப்பைப் பொறி படிக்கும் டிஎக்ஸ்எஃப் வடிவில் சேமிப்பது நொடி வேலை. நேரம் போவது அதற்கு முன்னால்தான்.

இலைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பு தடித்த கோடாக வரையப்பட்டிருக்கும். திரையில் தடிமன் தெரிகிறது, கத்திக்குத் தெரியாது. கோட்டின் நடுவே ஒருமுறை ஓடிவிடும். காம்புக்குப் பதில் ஒரு கீறல்தான் மிஞ்சும். அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோட்டைத் தடமாக்க ('பாத்' ஆக்க) வேண்டும். அப்போதுதான் இரு கரைகளும் கிடைக்கும். பூவில் இதழ்மேல் இதழ் கிடந்தால் ஒவ்வொன்றையும் கத்தி முழுச்சுற்று வெட்டிவிடும், பூ துண்டு துண்டாக வரும். எல்லாவற்றையும் ஒன்றிணைக்க வேண்டும். எழுத்துகளையும் தடமாக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உரு மாறிவிடும். அளவு வேறு தொல்லை: பழைய இங்க்ஸ்கேப்புக்கு அங்குலத்துக்கு 90 புள்ளி, 0.92 பதிப்பிலிருந்து 96. பழைய படத்தைத் திறந்தால் சுருங்கி நிற்கலாம்.

கத்தி போகும் வழிதான் எல்லாம். 'வெட்டுத்தடம்' என்று வையுங்கள். கோப்பு 'வெட்டுத்தடக் கோப்பு' ஆகட்டும். வெட்டிய பின் வேண்டாத வினைலைக் கிள்ளி எடுப்பதற்குக் 'களையெடுத்தல்' என்கிறேன், அதில் சண்டை வராது என்று நம்புகிறேன். தமிழ்ச் சொல்லை வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகக் கழன்றுவிடும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள்.

ர.

---

புள்ளி! ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பார்கள். அன்று எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளிதான் அடையாளம், குறில் நெடில் குழப்பம் அதனால் வந்தது. வீரமாமுனிவர் வந்து நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். இன்று கத்தியும் அதையே செய்கிறது என்றால்...

செ.

---

செ. அவர்களே, தனி இழை தொடங்குங்கள். வெட்டுத்தடக் கோப்பு நல்ல சொல்தான், ஆனால் பத்தெழுத்து, பொத்தானில் கொள்ளாது. வெட்டுக்கோப்பு போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுப்பு உண்டா?

மட்டுறுத்துநர்

---

உண்டு. பொத்தானில் 'வெட்டுத்தடம்' மட்டும் போடலாமே? கோப்பு என்று எதற்கு? பொறி வெட்டுவது தடத்தைத்தான்.

ர.

---

எனக்கும் மறுப்பு உண்டு. நன்னூலார் புதியன புகுதலை ஒப்புக்கொண்டார், சோம்பலை அல்ல.

பே.

---

அனைவருக்கும் நன்றி. கோப்புக்கு வெட்டுக்கோப்பு, உள்ளே கத்தி ஓடும் கோட்டுக்கு வெட்டுத்தடம், களையெடுத்தலும் உண்டு. வெக்டர் அப்படியே. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மா.

---

அச்சானதால் சரியாகிவிடாது. அப்புறம், 'வினைல்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

பே.