வீட்டில் ஆண் நாட்டு நாய் இருக்கிறது, பிட்புல் குட்டி எடுக்கலாமா?

கோவை_சரவணன்

கோவையில் தனி வீடு, காம்பவுண்டு சுவர் நாலரை அடி. வீட்டில் ஆறு வயதுப் பையன், 68 வயது அம்மா, மூன்று வயது ஆண் நாட்டு நாய். 'ரெட் நோஸ் பிட்புல்' என்று ஒரு ஆண் குட்டியைப் பார்த்து வைத்திருக்கிறோம். 45 நாள் ஆகிறது. இந்த வாரமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், காதையும் அவர்களே வெட்டித் தருவார்களாம். எங்களுக்கு முக்கியமாகக் காவலுக்குத்தான் நாய் வேண்டும். குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் இரண்டும் ஒத்துப்போகுமா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சட்டப்படி இப்போது என்ன நிலைமை?

மலைக்கோட்டை_ட்ரெய்னர்

காவலுக்கு என்றால் இந்த இனமே வேண்டாம் சரவணன். பிட்புல்லின் மூதாதைகள் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்டாக்கையும் டெரியரையும் கலந்து நாய்ச்சண்டைக்காக உருவாக்கப்பட்டவை. சண்டைக் குழிக்குள் ஆட்கள் இறங்கி, கையாலேயே நாயைப் பிரித்துத் தூக்குவார்கள். மனிதனைக் கடிக்கிற நாய் அந்தத் தொழிலுக்கு ஆகாது. 1898-ல் இந்த இனத்தைப் பதிவு செய்த அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப், அந்நியரிடமும் பாசமாகப் பழகுவதால் இது காவலுக்கு நல்ல தேர்வல்ல என்று இன வரையறையிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பாலான பிட்புல்களுக்கு மற்ற நாய்களின் மேல் ஓரளவு சீற்றம் இருக்கும் என்பதும் அதே வரையறையில் உண்டு.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல். புல்லி குட்டா, அமெரிக்கன் புல்லி என்று கைக்குக் கிடைத்ததைக் கலந்து, 'காவலுக்கு' என்றே முரட்டு நாயோடு முரட்டு நாயைச் சேர்க்கிறார்கள். அந்தக் குட்டிகளிடம் மனிதர் மேலுள்ள பழைய பொறுமையை நம்ப முடியாது. அசல் பிட்புல் ஆண் 16 முதல் 27 கிலோதான் வரும். '50 கிலோ பிட்புல்' என்று யாராவது விற்றால் அது வேறு கலப்பு. 'ரெட் நோஸ்' என்பது மூக்கின் நிறம் மட்டுமே, தனி வகை கிடையாது.

இப்போது நாட்டு நாய் விஷயம். எட்டு மாதம் வரை இரண்டும் கட்டிப் புரண்டு விளையாடும், எல்லோரும் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பிட்புல் முழு வளர்ச்சி அடையும்போது குணம் மாறும். நாட்டு நாய் உறுமும், பல்லைக் காட்டும், எதிரி வாலைச் சுருட்டிக்கொண்டால் பெரும்பாலும் விட்டுவிடும். பிட்புல்லிடம் இந்த முன்னறிவிப்பு குறைவு. எதிரி பணிந்தாலும் அது விடாமல் பிடித்துக் குலுக்கும். தட்டு, எலும்பு, கேட் திறக்கும் நேரம், நீங்கள் வேலை முடிந்து உள்ளே நுழையும் நேரம் - சண்டை பற்றுவது இந்த இடங்களில்தான். இரண்டும் ஆணாக இருப்பது இன்னும் மோசம். கருத்தடை செய்தாலும் ஊறிய குணம் போகாது.

இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 10, 12 வருடம் ஒன்று வெளியே, ஒன்று அறைக்குள் என்று முறைவைத்துத்தான் விட வேண்டும். ஆறு வயதுப் பையன் ஒரு தடவை கதவைத் திறந்துவிட்டால் போதும். சண்டைக்கு நடுவே கையை விடப்போவதும் அவனாகவோ உங்கள் அம்மாவாகவோ இருக்கும். உங்கள் வீட்டுக்கு என் பதில்: எடுக்காதீர்கள்.

வெட்_வானதி

45 நாள் குட்டியை விற்பதே விதிமீறல். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி அதைக் கற்கிறது. இவ்வளவு வலுவான தாடை உள்ள இனத்தில் அந்த இரண்டு வாரம் ரொம்ப முக்கியம்.

காது வெட்டச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். நாய்க்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. வலி, சீழ்பிடிப்பு, கையைக் கண்டாலே பயம் - இவைதான் மிஞ்சும். காது நாயின் மனநிலையைக் காட்டுகிற உறுப்பு. அது இல்லாத நாயை மற்ற நாய்களும் குழந்தைகளும் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

யாராவது உண்மையிலேயே குட்டி பார்க்கப் போனால் முதலில் தாயைப் பாருங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் வாலாட்டிக்கொண்டு வந்தால் நல்லது. 'கட்டிப் போட்டிருக்கிறோம், கிட்டே போகாதீங்க' என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். குட்டியின் கண்ணைச் சுற்றியும் முன்காலிலும் வட்டமாக முடி கொட்டியிருந்தால் டெமோடெக்ஸ் சொறியாக இருக்கலாம், இந்த இனத்தில் அது சகஜம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எர்லிக்கியா, பேபீசியா என்ற ரத்தத்தைத் தாக்கும் நோய்கள் இரண்டுமே பழுப்பு உண்ணி வழியாக வரும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எடுக்காதீர்கள். பார்வோ வைரஸ் ராட்வீலர், டோபர்மேன், பிட்புல் வகைகளை மற்றவற்றைவிட அதிகமாகத் தாக்கும். ஆகவே 6–8 வாரத்தில் தொடங்கி 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும் வரை தடுப்பூசி போட வேண்டும். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல்.

25 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,250 கிலோகலோரி போதும், சாதாரண உலர்தீவனத்தில் சுமார் 350 கிராம். தசை ஏற வேண்டும் என்று கூடுதலாகத் திணித்தால் இடுப்பு மூட்டும் முழங்காலும்தான் கெடும்.

சட்டம்_பேசுவோம்

சட்ட நிலைமை அடிக்கடி மாறுகிறது. 2024 மார்ச்சில் மத்தியக் கால்நடைத் துறை பிட்புல், ராட்வீலர் உட்பட 23 இனங்களின் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. மே மாதம் தமிழக அரசும் ஒரு தடை உத்தரவு போட்டு உடனே திரும்பப் பெற்றது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. கோவை தனி மாநகராட்சி, சென்னையின் தீர்மானம் அங்கே செல்லாது. நேரில் போய் உரிமம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். இன்னொன்று: வேலை மாறுதலில் சென்னைக்குப் போக நேர்ந்தால் நாயைக் கைவிடும் நிலை வரும், வளர்ந்த பிட்புல்லை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைப்பது மிகக் கடினம்.

கோவை_சரவணன்

நன்றி. அந்தக் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே சந்தேகம். பெண் நாய் என்றால்? அல்லது வளர்ந்த நாயாக எடுத்தால்?

மலைக்கோட்டை_ட்ரெய்னர்

ஆண்–பெண் ஜோடியில் ஆபத்து குறையும், போகாது. வளர்ந்த நாய் என்பது நல்ல யோசனை. இரண்டு வயது தாண்டிய நாயின் குணம் பெரும்பாலும் வெளியே வந்திருக்கும், குட்டியிடம் அது ஊகம்தான். ஆனால் வீட்டில் வேறு நாய் இல்லாதவர்களுக்கே இதைச் சொல்வேன். உங்கள் நாட்டு நாய் போதும், அது அந்நியரைக் கண்டால் குரைக்கும். காவலுக்குத் தேவையானது அதுதான்.

இதைப் படித்துவிட்டு வேறு யாராவது எடுக்க நினைத்தால், வேலையை வீட்டிலிருந்து தொடங்குங்கள். நாலரை அடிச் சுவரை அது ஓடிவந்து எம்பித் தாண்டிவிடும். ஆறு அடி வேண்டும், கேட்டுக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தெருக் கேட்டுக்கு உள்ளே இன்னொரு கதவு இருந்தால் நல்லது. சங்கிலியில் கட்டி வைத்து வளர்க்காதீர்கள். கட்டிக் கிடக்கிற நாய்க்கு விலகிப்போக வழியில்லை, அது கடிக்கும்.

நம் தெருக்களில் பெரிய பிரச்சினை தெருநாய்கள். உங்கள் நாய் சும்மா நடந்தாலும் அவை ஓடிவந்து வளைக்கும், சண்டையை முடிப்பது பிட்புல்லாக இருக்கும். ஆகவே வாய்க்கவசம் இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. துணியில் தைத்து வாயை இறுக்கும் கவசம் வேண்டாம், நாய் நாக்கை நீட்டி மூச்சுவாங்க முடியாமல் நம் வெயிலில் சுருண்டுவிடும். கம்பிக் கூடை போன்றதை வாங்குங்கள். உள்ளே நாய் வாயைத் திறந்து தண்ணீர் குடிக்க முடிய வேண்டும், மூக்கு நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் இடம் வேண்டும். முதல் நாளே மாட்டிவிடாதீர்கள். கூடைக்குள் தயிரைத் தடவி நக்க விடுங்கள். நாலைந்து நாள் கழித்து வாரை ஐந்து விநாடி மட்டும் பூட்டுங்கள். இரண்டு வாரத்தில் தானாக மூக்கை நுழைக்கும். லீஷ் ஐந்து அடி போதும். இழுத்தால் நீளும் வகை இந்த எடைக்கு அறுந்துவிடும்.

பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது பொய், அப்படி ஒரு எலும்போ பூட்டோ கிடையாது. அது விட மனமில்லாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பிரேக் ஸ்டிக் வேலை செய்யும்: ஒரு சாண் நீள உறுதியான மரத்துண்டு, ஒரு முனை ஆப்பு போல் சரிந்தது. நாயின் பின்னால் கால்களை இருபுறமும் போட்டு இடுப்பை முழங்காலால் நெருக்குங்கள், ஒரு கையால் கழுத்துப்பட்டையை மேலே இழுத்துப் பிடியுங்கள், மறுகையால் கடைவாய்ப் பக்கம் பல்லிடுக்கில் செருகித் திருகுங்கள். பிடி தளர்ந்ததும் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்துங்கள். நாட்டு நாய் பிடித்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், அது விட்டுவிட்டு உங்கள் கையைக் கடிக்கும். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், கடித்தது தடுப்பூசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும்.