சின்ன இறால்தான் அதிகம் பிழைக்குமாம்!

அலைவாய்:
இன்னோர் இழையில் கழிமுகத்தான் நேற்று எழுதியது இது: "இறால் குஞ்சு சிறியதாக இருந்தால் மீனின் கண்ணில் படாது; அதனால் சிறியதே அதிகம் பிழைக்கும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மீனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறது. அந்த வாயில் கொள்ளாத இறாலை அது விழுங்க முடியாது. இறால் வளர வளர, அதை விழுங்கக்கூடிய மீன்கள் குறைகின்றன. இது கூடவா தெரியாது?

கழிமுகத்தான்:
தலையையும் வாலையும் வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுகிறீர்கள். கடற்புல் படுகையில் என்று எழுதியிருந்தேன். புல்லின் இதழோடு ஒட்டியிருக்கும் ஒரு சென்டிமீட்டர் குஞ்சு எளிதில் புலப்படாது. வளர்ந்த இறாலுக்கு அந்த இதழ் மறைவாகாது.

முத்துச்சிப்பி:
அளவு என்று எதைச் சொல்கிறீர்கள்? மொத்த நீளமா, தலையையும் மார்பையும் மூடும் மேலோட்டின் நீளமா, எடையா?

அலைவாய்:
புல் மறைக்கும், சரி. வாயைச் சுருக்குமா? அந்தப் புல்லுக்குள்ளேயே திரியும் சிறு மீன்களுக்கு உங்கள் ஒரு சென்டிமீட்டர் குஞ்சு ஒரே வாய். வளர்ந்த இறாலோ பகலில் மணலுக்குள் புதைந்துகொள்கிறது; வாலை மடக்கி ஒரே உந்தில் வெகுதூரம் பின்னோக்கிப் பாய்கிறது. அப்படியே பிடிபட்டாலும் வாயில் கொள்ளாது.

நண்டுக்கால்:
நண்டு விழுங்குவதில்லை, கிழித்துத் தின்கிறது. சட்டை உரித்து உடல் மெத்தென்று இருக்கும் இறாலை இன்னோர் இறாலே தின்றுவிடும். அங்கே உங்கள் வாய்க்கணக்கு செல்லாது.

அலைவாய்:
நண்டைப் பற்றி இங்கே கேட்டது யார்? நண்டு இழையில் என்னைப் "புத்தகப் புழு" என்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. சட்டை உரிப்பதையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி உரிப்பது சிறிய இறால்தான். ஆகவே ஆபத்தும் அதற்கே அதிகம். என் பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு என்னையே எதிர்க்கிறீர்கள்.

நண்டுக்கால்:
புழுவென்றது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை.

அலைவாய்:
ஜப்பானைப் பாருங்கள். அங்கே குருமா என்ற இறால் வகையை, முட்டை பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். மிகச் சிறிய குஞ்சுகளை விட்டபோது மீன்கள் அள்ளித் தின்றன. அதனால்தான் செயற்கைச் சேற்றுத்திட்டுகளிலும் வலையடைப்புகளிலும் சுமார் 3 சென்டிமீட்டர் வரை வளர்த்து விடத் தொடங்கினார்கள். எல்லாம் வாயளவு!

கழிமுகத்தான்:
அது வாயால் அல்ல, மணலால். மிகச் சிறிய குஞ்சுக்கு முழுதாகப் புதையத் தெரியாது, அதனால் பிடிபட்டது. பெரிய மீனின் வாயில் 3 சென்டிமீட்டர் இறால் கொள்ளாதா?

அலைவாய்:
பெரிய மீன் எத்தனை, சிறிய மீன் எத்தனை? ஆழமற்ற கழிமுகத்தில் நிறைந்திருப்பது சிறு மீன்கள். அவற்றின் வாயைப் பற்றித்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பெயரில் கழிமுகம் இருந்தால் போதாது, அதைப் பார்த்திருக்கவும் வேண்டும்.

கழிமுகத்தான்:
என் பெயரை இழுக்காதீர்கள். கடற்புல் என்றேன், இப்போதும் கடற்புல் என்றே சொல்கிறேன்.

முத்துச்சிப்பி:
மொத்த நீளமா, மேலோட்டின் நீளமா?

அலைவாய்:
வாயகலம்!