மணற்காட்டில் கண்ட பாம்பு சுருட்டையா, புடையன் குட்டியா?

நெல்லியடிப் பெடியன்:

அரை மரதன் ஒன்றுக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். தார் ரோட்டில் ஓடி முழங்கால் நோவெடுத்ததால் ஞாயிறுகளில் மட்டும் விடிய வடமராட்சிக் கரையோர ஊரான மணற்காட்டுக்குப் போவேன். மண்ணுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலடியில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, சவுக்கங்காட்டுக்குள்ளால் கடற்கரை வரை ஓட்டம். மணல் காலை இழுக்கும். 5 கிலோமீற்றர் ஓடினால் 10 ஓடின களை.

போன ஞாயிறு ஐந்தரை இருக்கும். நெற்றி லைட்டில் பற்றறி இறங்கி வெளிச்சம் மங்கல். பாதைக்குக் குறுக்கே ஒரு சவுக்கஞ் சுள்ளி. தாண்டக் காலைத் தூக்கினேன், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். காலைப் பின்னுக்கு எப்படி எடுத்தேனோ தெரியாது, மணலில் குந்திவிட்டேன்.

அது ஓடவில்லை. ஒன்றரைச் சாண் நீளம் வரும். உடம்பை மடித்து மடித்து வைத்து, ஒரு மடிப்பை மற்றதோடு உரசிக்கொண்டே இருந்தது. வாய் மூடித்தான் இருந்தது, சத்தம் முழுக்க அந்த உரசலில். தலையில் வெளிறின கோழிக்கால் மாதிரி ஓர் அடையாளம். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டாகப் பற்றைக்குள் போய்விட்டது. போன வழியில் மணலில் சரிவுக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல்.

படம் எடுத்தேன், அதில் என் பெருவிரல்தான் தெளிவு. மாமா கதையைக் கேட்டுவிட்டுப் புடையன் குட்டி என்கிறார். என்ன பாம்பு இது? இனி அங்கே ஓடலாமா?

பற்றைக்காடு:

தம்பி, படமே தேவையில்லை. உரசல் சத்தம், கோழிக்கால், பக்கவாட்டு ஓட்டம் என்று சொன்னபிறகு சுருட்டை விரியன்தான். அதன் பக்கச் செதில்கள் வாள்பல் மாதிரி, உரசினால் அந்தச் சத்தம் வரும். மாமா சொல்லும் கண்ணாடிப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், மூச்சால் சீறும், சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற மாதிரி. முதுகில் சங்கிலி போல வட்டப் புள்ளிகளும் இருக்கும். நீளத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க ஏலாது, புடையன் குட்டியும் ஏறக்குறைய அந்த அளவில்தான் பிறக்கும்.

வறண்ட மணல்பாங்கான கரையோரம் சுருட்டைக்குப் பிடித்த இடம். இரவில் இரை தேடிவிட்டு விடியப் பற்றையடியில் ஒதுங்கும், சிலவேளை தலையை மட்டும் வெளியே விட்டு மணலுக்குள் புதைந்திருக்கும். நீங்கள் அது வீடு திரும்பும் நேரத்தில் குறுக்கே போயிருக்கிறீர்கள். ஓடுங்கள், ஆனால் நிலம் தெளிவாகத் தெரிந்த பிறகு. அந்தப் பற்றறியை முதலில் மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

வார்டில் பல வருடம் பாம்புக்கடி பார்த்தவள் நான். சுருட்டை கடித்தால் முதலில் வீக்கமும் நோவும்தான், ஆள் நன்றாகக் கதைத்துக்கொண்டிருப்பார். உள்ளே இரத்தம் உறையும் தன்மை போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்க்கக் கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு சரித்துப் பார்க்கும்போது தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றத்தான் வேண்டும். இங்கே பாவிக்கும் இந்திய மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை நாலுக்கும் சேர்த்துச் செய்தது. அதனால் பாம்பை அடித்துப் போத்தலில் போட்டுக் கொண்டுவரத் தேவையில்லை, அதற்குப் போய் இரண்டாம் கடி வாங்கினவர்களும் உண்டு. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், காலை ஆட்டாமல் பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள். பரியாரியிடம் போய் ஒரு நாளைக் கழித்துவிட்டு, பல் முரசிலிருந்து இரத்தம் வடிய வந்த ஒருவரை இன்னும் மறக்கவில்லை.

தனியாக ஓடுவதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை, மகன். யாராவது ஒருவர் கூட இருக்கட்டும்.

குடத்தனைக் கரை:

நாங்கள் இருட்டோடு வலைக்குப் போகும்போது தடியால் தட்டிக்கொண்டே நடப்போம். பாம்பு சத்தம் கேட்டு ஓடுவதற்கில்லை, அதிர்வுக்குத்தான். சுருட்டை அதற்கும் அசையாது, அது வேற கதை. சப்பாத்துப் போட்டிருந்தீர்களா?

நெல்லியடிப் பெடியன்:

போட்டிருந்தேன் அண்ணை, ஆனால் கணுக்கால் வெறுங்கால். நீளக் காலுறையும் புதுப் பற்றறியும் வாங்கியாச்சு. தாதி அக்கா சொன்னபடி மச்சானையும் கூட்டிப் போகிறேன், அவன் ஆறரைக்கு முன் எழும்பமாட்டான், அதுவே பாதுகாப்பு. மாமாவிடம் சுருட்டை என்றேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.