உப்புப் படிகம் பால்போல் வெளுத்து நடுவில் குழி விழுகிறது. ஏன்?

வாலிநோக்கம்_பாத்தி:
கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் நாட்களில் வாரும் உப்பு நடுவில் குழிந்து, பால்போல் வெளுத்து இருக்கிறது. உடைத்தால் உள்ளே ஈரம். உப்புப் பாத்தியில் நீர் 5 செ.மீ. ஆழம், போமே மானி (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 25 காட்டியதும் முந்தின பாத்தியிலிருந்து நீர் விடுகிறோம். கண்ணாடிபோல் கெட்டியான படிகம் வர என்ன மாற்றணும்? களிமண் கலங்கலா காரணம்?

படிகம்75:
கலங்கல் இல்லை தம்பி, வேகம்தான். காற்று மேல்நீரை உறிஞ்சும்போது உப்பு அங்கேயே சின்னச் சதுரமாகப் பிறந்து மிதக்கும். மூலைக்கும் விளிம்புக்கும் பல பக்கமிருந்து உப்பு வந்து சேரும், முகத்தின் நடுவுக்கு அவ்வளவு கிடைக்காது. விளிம்பு ஏறிக்கொண்டே போக, நடு குழியாக நின்றுவிடும். பிறகு குழி மூடும்போது உள்ளே சிக்கும் நுண்துளிகள்தான் அந்தப் பால்நிறம். ஒரு படிகத்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெள்ளைப் பட்டையும் தெளிந்த பட்டையும் மாறி மாறித் தெரியும். வெள்ளை அவசரமாக வளர்ந்தது, தெளிவு நிதானமாக வளர்ந்தது.

ஆழத்தை 15 செ.மீ. ஆக்குங்கள். புதுநீரை ஒரேயடியாக விடாமல் தினமும் கொஞ்சமாக விடுங்கள். மிதக்கும் உப்பு ஆடையைக் காலையும் மாலையும் பலகையால் தட்டி அமிழ்த்துங்கள், அடியில் போய் நிதானமாக வளரட்டும். வாருவது தள்ளிப்போகும், அதற்கு வழியில்லை.

மானிக்காரர்:
மானியையும் சந்தேகப்படுங்க அண்ணே. பெரும்பாலான மானிகள் 15.6 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. 38 டிகிரி சூட்டில் நீர் விரிந்து, சுமார் ஒரு போமே குறைத்துக் காட்டும். நீங்கள் 25 என்று பார்க்கும்போது உண்மையில் 26. அதற்குள் உப்பு முந்தின பாத்தியிலேயே ஜிப்சத்தோடு சேர்ந்து விழத் தொடங்கியிருக்கும். நீரை மொண்டு ஆறவைத்து அளங்க. கடைசியில் மிஞ்சும் நீரை 29-ஐத் தாண்டவிடாம வெளியேற்றுங்க; மேலே போனால் மக்னீசியம் ஒட்டி, குவியல் கசியும்.

வாலிநோக்கம்_பாத்தி:
சூடாக்கிக் கரைத்து, பிறகு ஆறவைத்து வளர்க்க முடியாதா?

படிகம்75:
படிகாரத்துக்குச் சரி, உப்புக்கு ஆகாது. 100 கிராம் நீரில் 0 டிகிரியில் 35.7 கிராம் கரையும், 100 டிகிரியில் 39 சொச்சம்தான். ஆறவைத்துக் கிடைப்பது அற்பம், ஆவியாக்கித்தான் ஆகணும். இரவில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தெவிட்டிய (இனி உப்புக் கரையாத அளவு செறிந்த) உப்புநீர் ஆவியாவதை நிறுத்தி, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மேல்நீர் நீர்த்துப்போய் மிதக்கும் விளிம்பு கரையும். காலையில் மறுபடி அவசர வளர்ச்சி. மாலை நேரத்து அமிழ்த்தலை விட்டுவிடாதீர்கள் என்பது இதனால்தான்.

ஒரே பெரிய படிகத்தை வளர்க்கும் ஒற்றைப் படிக ஆய்விலும் கவனம் இந்த மேற்பரப்பில்தான். 2005-இல் சங்கரநாராயணனும் ராமசாமியும் வெளியிட்ட எஸ்.ஆர். முறையில் கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப்படிகம் (வளரத் தொடங்கும் சிறு படிகம்), மேலே வளையச் சூடேற்றி. மேலே ஆவியாகும், அடியில் ஒரே திசையில் வளரும். மேற்பரப்பில் புதுப் படிகம் பிறக்காதபடி சூடு காக்கிறது. பாத்தியில் அந்த வேலையைப் பலகைதான் செய்யணும்.