அப்பாவின் மருத்துவ ரெக்கார்டு: ஜெர்மனியில் ஆபா எண் உதவுமா?

நொய்யல்கரை:
அப்பாவுக்கு 70 வயது. சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. லைப்சிக்கில் அக்கா வீட்டுக்கு 90 நாள் போகிறார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆபா (இந்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) செயலியில் இருக்கிறது. கையில் 14 நாள் சர்க்கரை சென்சார். அங்கே திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் டாக்டர் ஆபா எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்வாரா? இல்லை, பென்டிரைவ் கொடுத்து அனுப்பினால் போதுமா?

தரவுப்பாலம்:
பார்க்க முடியாதுங்க. ஆபாவில் ஒப்புதல் கேட்டு ரெக்கார்டை எடுக்க, அந்த ஆஸ்பத்திரி இந்தியாவின் டிஜிட்டல் ஹெல்த் மிஷனில் இணைந்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே ரெக்கார்டைப் பகிரும் 'மைஹெல்த்@ஈயு' அந்த நாடுகளின் சுகாதார அமைப்பில் இருப்பவர்களுக்கானது. விசிட் விசாவில் வருபவருக்கு அதில் ரெக்கார்டே இருக்காது. அப்பா கையோடு கொண்டுபோவதுதான் அங்கே அவருடைய ரெக்கார்டு.

கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக இறக்கி அவர் போனிலும் அக்கா போனிலும் வையுங்கள். அங்கே போய் லாகின் செய்யலாம் என்று விட்டால் ஓடிபி இந்திய எண்ணுக்குப் போகும். சிம்மைக் கழற்றி வேறு சிம் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடும். இந்திய சிம்மை ரோமிங்கோடு, டேட்டாவை மட்டும் அணைத்து, இரண்டாவது சிம்மாக வைத்திருங்கள். பென்டிரைவை நம்ப வேண்டாம். வைரஸ் பயத்தால் பல ஆஸ்பத்திரிகள் வெளி டிரைவைச் செருக விடுவதில்லை.

அப்பா மயங்கிக் கிடந்தால் போனைத் திறக்க ஆள் இருக்காது. ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடியை (அவசரத்துக்கான மருத்துவ விவரக் குறிப்பு) நிரப்பி, லாக் ஆகியிருக்கும்போதும் காட்டும்படி ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் 'பாதுகாப்பும் அவசரமும்' பகுதியில் இருக்கும். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். நிரப்பியதும் போனை லாக் செய்து, எமர்ஜென்சி பட்டனைத் தொட்டு, விவரம் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அவசர எண் 112-ஐ அழைத்தால் ஐபோன் இதைத் தானாக அனுப்பிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்த வசதி அமெரிக்காவிலும் கனடாவிலும்தான்.

மாத்திரைச்சீட்டு:
மேலே சொன்னதோடு, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பக்கம் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். நாற்பது பக்க பிடிஎஃப்பைக் கேஷுவாலிட்டியில் யாரும் புரட்ட மாட்டார்கள். நோயாளர் சுருக்கத்துக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 27269. மருந்து, ஒவ்வாமை, நோய்கள் மூன்றும் அதில் கட்டாயம். 2024 ஹஜ்ஜில் இந்தோனேசியா, மலேசியா, ஓமன் பயணிகளுக்குத் தந்த டிஜிட்டல் சுகாதார அட்டையும் இந்தச் சுருக்க முறையில் அமைந்ததுதான். ஒவ்வாமை இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். காலியாக விட்டால், யாரும் கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பிராண்ட் பெயரோடு நிறுத்தாதீர்கள், அங்கே யாருக்கும் தெரியாது. சர்க்கரைக்கான கூட்டு மாத்திரையைப் பிரித்து 'கிளிமிபிரைடு 1 மி.கி. + மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை ஒன்று' என்று எழுத வேண்டும். இங்கே ஆஸ்பிரின் 75 என்றால் அங்கே 100 தருவார்கள், பதற வேண்டாம். இதய மாத்திரையான மெட்டோபிரோலால் சக்சினேட் 50-க்கு அங்கே அட்டையில் 47.5 என்றிருக்கும், இரண்டும் ஒரே அளவுதான்.

ஸ்டென்ட்டுக்கு: வைத்த தேதி, எந்த ரத்தக்குழாய், மருந்து பூசியதா, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரை எதுவரை. ரத்தக்கசிவோ அறுவைசிகிச்சையோ வந்தால் அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க இதுதான் வேண்டும். கடைசி ஈசிஜியின் தெளிவான நகலும் கூடவே இருக்கட்டும். புது மாற்றமா, பழையதா என்று ஒப்பிட வேறு வழியில்லை.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. சென்சார் அளவை டாக்டரிடம் அப்படியே காட்டலாமா?

இனிப்பளவு:
காட்டலாம், அலகைச் சொல்லிவிட்டு. லைப்சிக் பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதி. அங்கே சர்க்கரையை மில்லிமோல் என்ற அலகில் பார்ப்பது வழக்கம். நம் மி.கி. கணக்கை 18-ஆல் வகுத்தால் அது வரும்: 180 என்றால் 10. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்க வேண்டும்: 1.2 என்றால் 106. சிடி ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் முன் மெட்ஃபார்மினை நிறுத்துவதா என்று இதை வைத்துத்தான் பார்ப்பார்கள், எனவே இரண்டு அலகிலும் எழுதுங்கள்.

90 நாளுக்கு 7 சென்சார், கழன்று விழுந்தால் மாற்ற இன்னும் ஒன்று. அங்கே வாங்குவதை இந்தியக் கணக்கில் இருக்கும் செயலி ஏற்காமல் போகலாம். எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். விரல்நுனியில் குத்திப் பார்க்கும் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கூடவே போகட்டும். எம்ஆர்ஐ என்றால் சென்சாரைக் கழற்றச் சொல்லலாம்.